‘மேற்படி’ என்னும் சொல்லும் மாக்கோதையின் காசும்

நாணயப் பதிவேடுகளில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு சொல் ‘மேற்படி’. குவியலாகக் கிடைத்த காசுகளில் முதற்காசுக்கு உலோகம், எடை, விட்டம், சின்னம், எழுத்து என்று நான்கைந்து வரிகள் எழுதப்படும். இரண்டாவது காசும் அதே மன்னனுடையது, அதே சின்னம் கொண்டது என்று தெரிந்தவுடன் ‘மேற்படி’ என்று எழுதிவிட்டு எழுதுகோல் கீழே இறங்கும். நாற்பதாவது காசு வரையிலும் மேற்படிதான். பின்னர் அந்த முப்பத்தொன்பது காசுகளும் ‘இரட்டைப் படிகள்’ என்று பெயர் பெறும். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தின்கீழ் அரசுக்கு வந்து சேர்ந்த காசுகளில் இவ்வாறு ‘இரட்டை’ எனப்பட்டவை பிற அருங்காட்சியகங்களுக்குப் பங்கிடப்பட்டன, சேகரிப்பாளர்களுக்கு விற்கவும்பட்டன. ஒரே குவியல் பல ஊர்களுக்குச் சிதறியது. மாதிரிக்கு ஒன்று கையில் இருக்கிறதே என்ற நிறைவில் அதை எவரும் இழப்பென்று கருதவில்லை.

அந்த நிறைவு பிழையானது. இரண்டு காசுகள் ஒரே மன்னனுடையவை என்பதால் ஒன்று மற்றொன்றின் படி ஆகிவிடாது. அவை ஒரே அச்சில் அடிக்கப்பட்டவையா என்று ஒப்பிட்டுப் பார்க்காத வரையில் ‘மேற்படி’ என்ற சொல் அறியாமையை மறைக்கும் சொல்லாகவே இருக்கும். ஒப்பிட்டுப் பார்த்தபின் அச்சொல்லுக்குத் தேவையே இராது.

கழக்கூட்டத்தை அடுத்த காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. அங்கே தமிழ்த்துறை உண்டு. தொல்லியல் துறை உண்டு. கீழைத்தேய ஆய்வு நிறுவனமும் அதன் ஓலைச்சுவடி நூலகமும் உண்டு. அந்த நூலகத்தில் ஒரு நூலுக்கு ஐந்து ஏடுகள் இருந்தால், ஒன்றை வைத்துக்கொண்டு எஞ்சிய நான்கை ‘மேற்படி’ என்று சொல்லி விற்றுவிடலாம் என எவரேனும் முன்மொழிந்தால் என்ன ஆகும்? வளாகமே கொதித்தெழும். எழவும் வேண்டும். ஏடு எழுதியவன் கை மாறும்போது எழுத்து மாறும். விடுபட்ட சொல், பிறழ்ந்த சீர், புகுந்த அடி ஆகியவற்றை வைத்தே எந்த ஏடு எதைப் பார்த்து எழுதப்பட்டது என்ற வழிமுறை தெரியவரும். பாடபேதம் என்ற ஒன்று இல்லையெனில் பதிப்பியல் என்ற துறையே இல்லை. உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சேற்றியபோது ஒரே ஏட்டை நம்பி நிறைவடையவில்லை. ஊர் ஊராகத் தேடி ஏடுகளைத் திரட்டி ஒப்புநோக்கினார். சுவடியில் நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழுலகம் கற்றுத் தேர்ந்த இந்த ஒழுக்கம் நாணயத்தின் அருகே வந்ததும் காணாமற்போகிறது.

நாணயத்திலும் பாடபேதம் உண்டு. அது பிறக்கும் இடம் அச்சு. பழைய நாணயச்சாலையில், கேரள வழக்கில் சொன்னால் கம்மட்டத்தில், கீழ் அச்சு பட்டடையில் பதிக்கப்பட்டிருக்கும். மேல் அச்சைக் கையில் பிடிப்பார்கள். இரண்டுக்கும் நடுவே உலோக வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடித்தால் காசு. அச்சு ஒவ்வொன்றையும் கைவினைஞர் ஒருவர் உளியால் தனித்தனியாகச் செதுக்குகிறார். ஒரே மன்னனின் தலையை அவரே மறுமுறை செதுக்கினாலும் மூக்கின் வளைவு மாறும். எழுத்துகளின் இடைவெளி மாறும். ஒரு புள்ளி கூடும் அல்லது குறையும். அடி வாங்கி வாங்கி அச்சில் விரிசல் விழும். அந்த விரிசல் அடுத்தடுத்த காசில் மெல்லிய மேடாகப் பதிந்து, நாளடைவில் நீளும். மேல் அச்சு உடைந்தால் புதியது வரும். கீழ் அச்சு பழையதே தொடரும். இவ்வாறு ஒரு காசு இன்னொரு காசோடு முன்பக்க அச்சாலும், அது மூன்றாவது காசோடு பின்பக்க அச்சாலும் பிணைந்து சங்கிலியாக நீள்கிறது. ஆண்டு பொறிக்காத காசுகளைக் கால வரிசையில் நிறுத்துவதற்கு இச்சங்கிலியைவிட உறுதியான சான்று அரிது.

இது செல்வந்தர் பொழுதுபோக்கு என்ற ஏளனம் கல்வித்துறையில் உண்டு. அந்த ஏளனத்திற்கு எடுத்துக்காட்டாக வழக்கமாகக் காட்டப்படுவது அமெரிக்கத் தொடக்ககாலச் செப்புக் காசுகளின் ஆய்வு. அதையே எடுத்துக்கொள்ளலாம். 1793-இல் பிலடெல்பியா நாணயச்சாலை முதல் செண்ட் காசுகளை வெளியிட்டது. அன்றைய அச்சுகளில் எழுத்தும் எண்ணும் ஒவ்வொன்றாகக் கையால் பொறிக்கப்பட்டன. முதல் அச்சில் நாட்டின் பெயருக்கு இடம் போதாமல், ‘அமெரிக்கா’ என்பதை ‘அமெரி.’ என்று சுருக்கிப் புள்ளி வைத்துவிட்டார்கள்; அடுத்த அச்சில் பெயர் முழுமையாக வந்தது. 1869-இல் எட்வர்ட் மாரிஸ் என்ற மருத்துவர் 1794-ஆம் ஆண்டுச் செண்ட் காசுகளை மட்டும் எடுத்துக்கொண்டு அச்சு அச்சாகப் பிரித்து நூல் எழுதினார். ஓர் ஆண்டின் ஒரே மதிப்புள்ள காசுக்கு ஒரு நூல். 1949-இல் வில்லியம் ஷெல்டன் 1793 முதல் 1814 வரையிலான செண்ட் காசுகளின் அச்சு இணைகளுக்கு எண்ணிட்டு வெளியிட்ட பட்டியல் ஏறத்தாழ முந்நூறு வகைகளைக் கொண்டது. அவர்களுள் பலர் பேராசிரியர்கள் அல்லர், ஆர்வலர்கள். அவர்கள் உழைப்பின் விளைவாக, அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்த நாணயச்சாலையில் எந்த அச்சுக்குப் பின் எந்த அச்சு வந்தது, எது எப்போது பிளந்தது என்று இன்று சொல்ல முடிகிறது. ஐரோப்பாவில் இம்முறை பல்கலைக்கழக அறிவாகவே வளர்ந்தது. சுவிட்சர்லாந்தின் இம்ஹோஃப்-புளூமர் போன்றோர் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கிரேக்கக் காசுகளை அச்சு வழியே வரிசைப்படுத்தத் தொடங்கிவிட்டனர். நூற்றைம்பது ஆண்டுப் பழமையுள்ள ஒரு முறையைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் உரிமை அதைக் கற்றுப் பார்க்காதவர்களுக்கு இல்லை.

ஷெல்டனின் பெயரோடு ஒட்டிய வேறொரு செய்தியும் இங்கே நினைவுகூரத்தக்கது. அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் தொகுப்பிலிருந்து உயர்தரச் செண்ட் காசுகளை அவரே எடுத்துக்கொண்டு, அதே அச்சு வகையைச் சேர்ந்த தரம் குறைந்த காசுகளை அவற்றின் இடத்தில் வைத்திருந்தார் என்று சங்கம் கண்டறிந்தது. அவ்வாறு மாற்றப்பட்டவை நூற்றுக்கும் மேற்பட்டவை. வழக்கு கலிஃபோர்னிய நீதிமன்றங்கள் வரை சென்றது. கள்ளம் வெளிப்பட்டதற்குக் காரணம், தனித்தனிக் காசுகளின் பழைய ஒளிப்படங்கள் இருந்ததே. அச்சு வகை வரை குறித்துவைத்திருந்த ஒரு தொகுப்பிலேயே இத்தனை காலம் மாற்றம் தெரியாமல் இருந்ததென்றால், ‘வெள்ளிக் காசு, 40, மேற்படி’ என்று மட்டும் எழுதிவைத்திருக்கும் தொகுப்பின் நிலை என்ன? அங்கே நாற்பது காசும் மாறிப்போனாலும் தணிக்கையில் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். ‘மேற்படி’ என்ற சொல் சோம்பலில் தொடங்கி, கள்ளத்திற்குக் கதவு திறந்து முடிகிறது.

இனி மாக்கோதையின் காசு. மன்னனின் தலையுருவமும் தமிழி எழுத்தில் ‘மாக்கோதை’ என்ற பெயரும் பொறித்த வெள்ளிக் காசுகளும், ‘குட்டுவன் கோதை’ என்ற பெயருடையவையும், உரோமக் காசின் தோற்றத்தைப் பார்த்துச் செய்யப்பட்டவை என்று கருதப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையிலிருந்து கிடைத்து, சந்தை வழியே சேகரிப்பாளர் கைகளை அடைந்தவை. இரா.கிருஷ்ணமூர்த்தியின் 1997-ஆம் ஆண்டு நூல் உள்ளிட்ட சங்ககால நாணய ஆய்வுகள் இக்காசுகளைப் படித்துக் காட்டின. சேர மன்னர் பெயரைக் கையில் தொட்டுப் பார்க்கும் பேற்றை அளித்தன. அந்த உழைப்பை எவரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. எழுத்தைப் படித்தவுடன் ஆய்வு முடிந்துவிட்டதாக எண்ணும் பழக்கமே இங்கே எதிர்க்கப்படுகிறது. புறநானூற்றின் 245-ஆம் பாடலைப் பாடியவர் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. காசில் உள்ள மாக்கோதை அவர்தானா? மாக்கோதையும் குட்டுவன் கோதையும் அடுத்தடுத்து ஆண்டவர்களா, நூறாண்டு இடைவெளியில் வாழ்ந்தவர்களா? இருவரின் தலையையும் செதுக்கியது ஒரே பட்டறையின் கைகளா? எழுத்தை எத்தனை முறை படித்தாலும் இவற்றுக்கு விடை வராது. அறியப்பட்ட எல்லாக் காசுகளின் ஒளிப்படங்களையும் அருகருகே வைத்து அச்சுகளைப் பிரித்தால் விடையின் விளிம்பாவது தென்படும். பாடலின் ஏட்டை ஒப்பிட்டவர்கள், பாடிய மன்னனின் பெயர் தாங்கிய காசை ஒப்பிடாமல் விட்டிருப்பது முரண்.

அச்சு ஒப்பீடு போலிகளையும் காட்டிக்கொடுக்கும். மெய்யான இரு காசுகள் ஒரே அச்சிலிருந்து வந்தாலும் உருவம் மட்டுமே ஒத்திருக்கும். வில்லையின் விளிம்பு, எடை, அடி விழுந்த கோணம், தேய்மானம், கீறல் ஆகியவை வேறுபடும். ஒரு மெய்க்காசை வைத்து வார்த்தெடுத்த போலிகளிலோ தாய்க்காசின் கீறலும் விளிம்புச் சிதைவும்கூட அப்படியே திரும்பத் திரும்ப வரும். இரண்டு காசுகளில் ஒரே கீறல் ஒரே இடத்தில் இருந்தால், குறைந்தது ஒன்றாவது பொய். சந்தையிலிருந்து வந்த காசுகளை வைத்துச் சேரர் வரலாறு எழுதும் ஒரு துறைக்கு இந்தச் சோதனை கட்டாயமானது. இதைச் செய்யாமல் எழுதப்படும் ஒவ்வொரு கட்டுரையும் காசு விற்றவரின் சொல்லை அடிக்கல்லாகக் கொண்டிருக்கிறது.

இன்னொரு பயனும் உண்டு. ஆற்றுப்படுகைக் காசுக்கு மண்ணடுக்குச் சான்று இல்லை. பட்டணம் போன்ற அகழாய்வுக் களங்களில் கிடைத்த சேரர் செப்புக் காசுகளுக்கு உண்டு. மண்ணடுக்கில் கிடைத்த ஒரு காசும் சந்தையில் கிடைத்த ஒரு காசும் ஒரே அச்சினவை என்று நிறுவப்பட்டால், முன்னதன் காலச்சான்று பின்னதையும் சென்று சேரும். அனாதையாக நின்ற காசுக்கு அன்றே முகவரி கிடைக்கிறது. அகழ்ந்தெடுத்த காசையே ‘மேற்படி’ என்று எழுதி மூடிவைத்தால் இந்த வாய்ப்பு இல்லை.

சேர நாட்டின் பழங்காலத்தை விட்டு, திருவனந்தபுரத்துக்கு இன்னும் நெருங்கிய காலத்திற்கு வந்தால் பிழை மேலும் வெளிப்படையாகிறது. திருவிதாங்கூரில் பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். பிரித்தானிய இந்திய ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம். வெள்ளிச் சக்கரம் அரைக் கிராமுக்கும் குறைவான எடையுடையது, பருப்பளவே இருக்கும். அதை எண்ணுவதற்கென்றே குழிகள் தோண்டிய சக்கரப் பலகை இருந்தது. பலகையின் மேல் அள்ளிப்போட்டு அசைத்தால் குழிக்கு ஒன்றாக அமரும். இத்தகைய சிறு காசுகளில் வில்லையைவிட அச்சு பெரியதாக இருப்பது வழக்கம். ஆகவே அச்சில் செதுக்கிய உருவத்தின் ஒரு துண்டுதான் ஒரு காசில் விழும். இன்னொரு துண்டு இன்னொரு காசில். முழு அச்சும் எப்படியிருந்தது என்று அறிய வேண்டுமாயின் பத்து இருபது காசுகளைச் சேர்த்துவைத்துப் பொருத்த வேண்டும். கிழிந்த ஏட்டின் துண்டுகளைப் பொருத்துவது போன்ற பணி இது. அத்துண்டுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ‘இரட்டை’ என்று கொடுத்துவிடுவது ஏட்டைக் கிழித்துப் பங்கிடுவதற்கு ஒப்பாகும்.

எறணாகுளம் மாவட்டத்தின் வள்ளுவள்ளியில் 1983-இல் 252 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. சீசர் தலை பதித்த பொன் என்பதால் அவற்றின் மீது உலகின் கண் விழுந்தது. உள்ளூர்ச் சக்கரத்தின் மீது அந்தக் கண் விழுவதில்லை. 2011-இல் பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகள் திறக்கப்பட்டபோது நாடு முழுவதும் எழுந்த கேள்வி, எத்தனை இலட்சம் கோடி ரூபாய் என்பதே. காசுகள் அங்கே இருக்கின்றன என்று செய்தி வந்தபோதும் அவை எந்தக் கம்மட்டத்தின் எத்தனை அச்சுகளில் பிறந்தவை என்று கேட்ட குரல் மிகச் சிறியது. எடையால் மதிப்பிடும் பழக்கம் செய்தியாளர்களுக்கு மட்டும் உரியதன்று. ‘மேற்படி’ என்று எழுதும் அறிஞரும் அதே தராசைத்தான் கையில் பிடித்திருக்கிறார்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை மூன்று.

முதலாவது, இத்தனை காசுகளைத் தனித்தனியே பார்க்க ஆள் ஏது, காலம் ஏது என்பது. 1940-களின் தொடக்கத்தில் தா.தா.கோசாம்பி என்ற கணிதவியலர் முத்திரைக் காசுகளை ஒவ்வொன்றாக எடைபோட்டார். புழக்கத்தில் காசு தேயும்; ஆகவே எடைகளின் பரவலிலிருந்து காலவரிசையை உய்த்துணரலாம் என்பது அவர் துணிபு. அவர் ஒரு காசை மட்டும் எடைபோட்டு மற்றவற்றுக்கு ‘மேற்படி’ எழுதியிருந்தால் அந்த ஆய்வே பிறந்திராது. கணினி இல்லாத காலத்தில் ஒரு மனிதர் தராசும் பொறுமையும் கொண்டு செய்ததை, கைப்பேசியிலேயே நுண்படம் எடுக்கும் காலத்தில் முடியாது என்பது சாக்கு.

இரண்டாவது, அச்சு எண்ணிக்கையிலிருந்து மொத்தக் காசுகளைக் கணக்கிடுவது ஊகம் என்பது. இதில் உண்மை உண்டு. ஓர் அச்சு எத்தனை காசு அடித்தது என்று தெரியாமல் பெருக்கிச் சொல்வது வெறும் கற்பனை என்று டி.வி.பட்ரி 1990-களில் கடுமையாக எச்சரித்தார். அந்த எச்சரிக்கை இன்றும் பொருந்தும். ஆனால் மொத்தக் காசுகளை எண்ணுவது வேறு. அச்சுகளின் எண்ணிக்கையை மதிப்பிடுவது வேறு. ஐம்பது காசுகளை ஒப்பிட்டபோது ஐந்து அச்சுகள் மட்டும் தென்பட்டு, ஒவ்வொன்றிலும் பத்துக் காசுகள் இருந்தால், இன்னும் காணாத அச்சு மிகக் குறைவு என்று துணியலாம். அதே ஐம்பதில் நாற்பத்தைந்து அச்சுகள் தென்பட்டு, அவற்றுள் நாற்பத்தொன்று ஒரே ஒருமுறை மட்டும் வந்திருந்தால், காணாதவையே மிகப் பல. இரண்டாம் லகப்போரின் மறைகுறியீட்டுப் பணியில் ஆலன் டூரிங் கண்டு, ஐ.ஜே.குட் 1953-இல் வெளியிட்ட எளிய விதி இங்கே பயன்படும். ஒருமுறை மட்டும் வந்தவற்றை மொத்தத்தால் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால், கண்ட அச்சுகள் அன்றைய உற்பத்தியில் எவ்வளவு பங்கு என்ற மதிப்பீடு கிடைக்கும். இரண்டாம் எடுத்துக்காட்டில் அது நூற்றுக்குப் பதினெட்டு. அந்த நாணயச்சாலை தோராயமாக இருநூற்றைம்பது அச்சுகளைச் செதுக்கியிருக்க வேண்டும். ‘பெருமளவில் நாணயம் வெளியிட்டான்’, ‘வணிகம் செழித்தது’ என்று சான்றின்றி எழுதப்படும் வரிகளுக்கு இந்தச் சிறு வகுத்தல் கணக்கு எவ்வளவோ மேல்.

மூன்றாவது, ஒளிப்படங்களை வெளியிட்டால் போலி செய்வோருக்கு உதவும், பாதுகாப்புக்குக் கேடு என்பது. ஷெல்டன் செய்தி இதற்கு விடை சொல்லிவிட்டது. காசைக் காத்தது ஒளிப்படம். பூட்டிவைத்த பதிவேடு எதையும் காக்கவில்லை. அடையாளம் உலகறிந்த காசைத் திருடி விற்பது கடினம். அடையாளமே எழுதப்படாத காசை விற்பது எளிது.

கழக்கூட்டத்தைச் சுட்டிச் சொல்ல ஒரு காரணம் உண்டு. எட்டுவீட்டுப் பிள்ளைமாரில் ஒருவரின் ஊராகத் திருவிதாங்கூர் வரலாற்றில் பெயர் பெற்ற இவ்வூரில் 1990-இல் டெக்னோபார்க் எழுந்தது. அதன் அருகிலேயே பல்கலைக்கழக வளாகம். ஒருபுறம் படங்களை ஒப்பிடும் மென்பொருள் எழுதத் தெரிந்த பல்லாயிரம் பொறியாளர்கள். மறுபுறம் தமிழி படிக்கத் தெரிந்தவர்கள், மண்ணடுக்கு அறிந்தவர்கள், சுவடி ஒப்பிடத் தெரிந்தவர்கள். நூறு காசுகளை ஒன்றோடொன்று ஒப்பிட 4,950 இணைகளைப் பார்க்க வேண்டும். மனிதக் கண் சோர்ந்துவிடும் அந்த முதற்சலிப்பைக் கணினி செய்துதரும், முடிவை மனிதக் கண் சொல்லும். நெடுமங்காட்டில் கோயிக்கல் அரண்மனையின் நாணய அருங்காட்சியகமும் தொலைவில் இல்லை. இத்தனையும் ஒரே வட்டாரத்தில் அமைந்த ஊர்கள் தென்னிந்தியாவில் பல இல்லை.

ஆகவே வேண்டுவன இவை. காசு ஒவ்வொன்றுக்கும் தனி எண், இரு பக்க ஒளிப்படம், எடை, விட்டம், இரு அச்சுகளும் ஒன்றையொன்று நோக்கிய திசை ஆகியன பதிவாக வேண்டும். அச்சு ஒப்பீடு முடியாத எந்தக் காசையும் ‘இரட்டை’ என்று சொல்லி இடம் மாற்றக்கூடாது. முன்னரே பங்கிடப்பட்ட குவியல்களைப் படங்களாலேனும் மீண்டும் ஒன்று சேர்க்க வேண்டும். முதுகலை மாணவர் ஒருவருக்கு நூறு சக்கரங்களைக் கொடுத்து, அவற்றின் அச்சுகளைப் பிரித்து வருமாறு பணிப்பது, ஏற்கெனவே படித்த எழுத்தை மறுபடியும் படிக்கச் சொல்வதைவிடச் சிறந்த ஆய்வேடாகும். சேரர் காசுகளில் பயிற்சி பெறுவது அரிது. சக்கரமும் கையால் அடித்த செப்புக் காசும் ஏராளம். கை அங்கே பழகட்டும். பழகிய கண் மாக்கோதையிடம் வரட்டும்.

நாணயவியல் பாடத்திட்டங்களைத் திருத்தும் குழுக்கள் கூடும்போது இக்கோரிக்கைகளை எவரேனும் எடுத்துவைப்பார்களானால், எதிர்ப்போர் ஒரே ஒரு கேள்விக்கு விடை சொன்னால் போதும்: ஓலையில் குற்றமாகும் செயல் காசில் மட்டும் எவ்வாறு முறையாகிறது?